ஒரு தீவில் இரண்டு துறைமுகங்கள்

1. மினிபஸ் நின்ற இடம்

கிரேக்கத்தின் சான்டொரினித் தீவின் கரையில் இருபத்திரண்டு பேருடன் இறங்கி, எங்களை ஏற்றிப்போக வரவேண்டிய மினிபஸ்ஸைத் தேடினேன். கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது, அந்த இடத்துக்கு மினிபஸ் வர ரோட்டே இல்லை. முன்னால் கடல். பின்னால், எரிமலை வெடித்து விட்டுப்போன செங்குத்துப் பாறை. பாறையின் உச்சியில் ஃபீரா என்ற ஊர், உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தது. மேலே போக மூன்று வழிகள் இருந்தன: கேபிள் கார், கழுதை, ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள்.

மினிபஸ் ஓட்டும் எலேனிக்கு ஃபோன் எடுத்தேன்.

"நான் துறைமுகத்தில்தான் நிற்கிறேன். உங்களைக் காணவில்லையே" என்றார்.

"நானும் துறைமுகத்தில்தான் நிற்கிறேன்" என்றேன்.

இருவரும் சொன்னது உண்மை. அந்தத் தீவில் துறைமுகங்கள் இரண்டு. பெரிய ஃபெரிகள் வருகிற, ரோட்டுள்ள துறைமுகத்தின் பெயர் அதினியோஸ். எலேனி அங்கே நின்றார். நாங்கள் ஃபீராவுக்குக் கீழே பழைய துறைமுகத்தில் நின்றோம். அதினியோஸ் என்று ஈமெயிலில் எழுதிக் கொடுத்தவள் நான்.

இருபத்தாறு வருட வேலையில் நான் விட்ட பிழைகளில் இதுதான் பெரியது. இன்றைக்குப் பயண முகவர் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவலாம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2. படிச்சுச் செய்

லண்டன் நோர்பரியில் ஒரு நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் எங்கள் டிராவல்ஸ் இருந்தது. முதலாளியை எல்லோரும் செல்வா அண்ணை என்போம். கொழும்பு, சென்னை, திருச்சி டிக்கெட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் கிழமைகளில் வாசல்வரைக்கும் சனம் நிற்கும். பிறகு சனம் தன் ஃபோனிலேயே டிக்கெட் போடப் பழகிவிட்டது. வாசல் வெறிச்சோடியது.

ஒருநாள் செல்வா அண்ணை என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பவானி, இனி டிக்கெட்டை நம்பி இருக்கேலாது. எங்கடை ஆக்களைக் கூட்டமாக் கப்பல் பயணம் கொண்டுபோவம். ஃபோனிலை செய்யேலாத விசயம் அதுதான். ஆராவது கூடப் போய்ப் பாக்க வேணும்."

"அண்ணை, நான் கப்பலிலை ஏறினதே இல்லை."

"நானும் ஏறேல்லை. படிச்சுச் செய்."

படித்தேன். ஒவ்வொரு கப்பல் கம்பனியின் கையேட்டையும் கோடு போட்டு வாசித்தேன். கேபின் வகை, சாப்பாட்டு நேரம், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எல்லாம் பிடிபட்டது. முதல் குழுவாக ஸ்ட்ரெதமில் உள்ள ஒரு மூத்தோர் சங்கத்தினர் சேர்ந்தார்கள். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் ஏறி, ஏழு நாள் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவிட்டு அங்கேயே இறங்குவது. குழுத்தலைவியாக நானும் போவது.

மற்றத் தீவுகளில் கப்பல் நேரே கரையில் கட்டும். விரும்பிய நேரம் இறங்கலாம், ஏறலாம். சான்டொரினியில் அப்படி இல்லை. அங்கே கடல் மிக ஆழம். பெரிய கப்பலுக்குக் கட்டுமிடம் கிடையாது. கப்பல் நடுவில் நிற்க, டெண்டர் என்கிற சிறு படகுகள் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும். பன்னிரண்டு மணிக்குக் கப்பல் வரும், மாலை ஆறரைக்குக் கடைசி டெண்டர் என்று அட்டவணையில் இருந்தது. ஆறரை மணித்தியாலம். கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவில் போனால், பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும். சொந்தமாக வாகனம் பிடித்துப் போனால் நிற்காது. அடுத்த தீவுக்கு நாங்கள்தான் வழி தேடிப் போகவேண்டும்.

கப்பல்காரரின் சுற்றுலா எங்கள் ஆட்களுக்குப் பொருந்தவில்லை. நடை அதிகம், வைன் தோட்டத்தில் ஒரு மணித்தியாலம். நான் சொந்தமாக மினிபஸ் ஏற்பாடு செய்தேன். கப்பல் கையேட்டில் "பஸ்கள் அதினியோஸிலிருந்து புறப்படும்" என்று இருந்தது. தீவின் வரைபடத்திலும் ரோட்டுள்ள துறைமுகம் அது ஒன்றுதான். அதையே எலேனிக்கு எழுதினேன். அது கப்பல்காரரின் சுற்றுலாவில் போகிறவர்களை மட்டும் இறக்குகிற இடம் என்பதை நான் கவனிக்கவில்லை. எலேனி வழக்கமாக ஃபெரியில் வருகிறவர்களை ஹோட்டலுக்கு ஏற்றுகிறவர். அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

3. எந்த யோர்கோஸ்?

சான்டொரினியில் என்ன பார்க்க ஆசை என்று எல்லோரிடமும் கேட்டு எழுதினேன். நீலக் கூரைத் தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுக்கவேண்டும் என்று இருபத்தொரு பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தாளில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தநாள் கடைக்கு நேரே வந்தார்.

குலசிங்கம் என்பது பெயர். குலம் அண்ணை என்போம். தோர்ன்டன் ஹீத்தில் இருக்கிறார். லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதால் தனியாகப் பெயர் கொடுத்திருந்தார்.

"பிள்ளை, நான் படம் எடுக்க வரேல்லை. எனக்கு ஒரு மனுசனைப் பாக்கவேணும். உயிரோடை இருக்கிறாரோ தெரியாது."

அவர் சொன்ன கதை இது. இளவயதில் அவர் கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஒயிலராக இருந்தார். என்ஜின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் பார்க்கிற வேலை. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிமாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கொழும்புக்கு விமான டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமைதான் கொழும்பில் தமிழரை அடித்து எரித்த கலவரச் செய்தி வந்தது. கொழும்பில் தமையன் இருந்த வீடு எரிந்துவிட்டது. தமையன் எங்கே என்று தெரியவில்லை.

"நான் டிக்கெட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு என்ஜின் றூம் வாசலிலை இருந்தன். செக்கண்ட் எஞ்சினியர் யோர்கோஸ் வந்து என்ன எண்டு கேட்டார். சொன்னன். ஒண்டும் கதைக்கேல்லை. மேலை கப்டனிட்டைப் போனார். அரை மணித்தியாலத்திலை திரும்பி வந்து, டிக்கெட்டை வாங்கித் தன்ரை பொக்கெற்றுக்கை வைச்சார். 'உன்ரை வாட்ச் எட்டு மணிக்கு, வேலைக்கு வா' எண்டார். அவ்வளவுதான். இன்னும் பத்து மாதம் கப்பலிலை நிண்டன். பிறகு கப்பல் லண்டனுக்குக் கிட்ட டில்பரிக்கு வந்தது, நான் இறங்கி அகதியா அசைலம் கேட்டன். மனுசி, பிள்ளையள், வீடு எல்லாம் அந்தப் பத்து மாதத்தாலை வந்தது."

"நன்றி சொல்லேல்லையோ அண்ணை?"

"அந்த வயசிலை வெக்கம். ஒரு அகதிப் பெடியனிலை பாவப்பட்டு வைச்சிருக்கினம் எண்டு மற்றவையள் நினைப்பினம் எண்டு வெக்கம். சொல்லாமலே இறங்கிட்டன்."

அவருக்குத் தெரிந்ததெல்லாம் யோர்கோஸ் என்ற பெயரும், சான்டொரினியில் எம்போரியோ என்ற ஊரும்தான். எலேனிக்கு ஃபோனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எந்த யோர்கோஸ்? எம்போரியோவில் பாதிப்பேர் யோர்கோஸ்தான்."

குலம் அண்ணையிடம் கேட்டேன். இடது கை மோதிரவிரலில் நுனி இல்லை என்றார். நான்கு நாள் கழித்து எலேனி ஃபோன் எடுத்தார். அந்த ஊர் வெதுப்பகத்தில் விசாரித்தாராம். ஆள் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. முழங்கால் சரியில்லை, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சுகம். "லண்டனிலிருந்து பழைய ஒயிலர் வருகிறார் என்று சொன்னேன். வரட்டும் என்றார்."

குலம் அண்ணைக்கு ஃபோனில் சொன்னேன். "என்ன கொண்டுபோறது?" என்று கேட்டார்.

4. கியூ

அன்றைக்குக் காலையிலேயே காற்று. கப்பல் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் தீவுக்கு வந்தது. காற்று கூடுவதால் கடைசி டெண்டர் ஐந்து மணிக்கே போய்விடும் என்று கப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். டெண்டருக்கு நம்பர் கிடைத்து நாங்கள் கரையில் இறங்கும்போது மணி இரண்டரை. அதற்குப் பிறகுதான் எலேனியுடன் நான் கதைத்த அந்தக் கதை.

ஃபோனை வைத்தேன். கேபிள் காருக்கு நீண்ட கியூ நின்றது. வேறு இரண்டு கப்பல்களும் வந்திருந்தன. மேலே போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று அங்கே நின்ற ஊழியர் சொன்னார். இறங்கவும் அதேயளவு. கணக்குப் பார்த்தால், மேலே போய்த் தலையைக் காட்டிவிட்டு உடனே கீழே வரக் கியூவில் நிற்கவேண்டும்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் நல்ல பொய்கள் வந்தன. "டிரைவர் பிழையான இடத்துக்குப் போயிட்டார்" என்று சொல்லலாம். காற்றின்மேல் பழியைப் போடலாம். எலேனி அங்கே இல்லை, மறுக்க ஆளில்லை. இருபத்திரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்றேன். "மினிபஸ் மற்றத் துறைமுகத்திலை நிக்குது. அது என்ரை பிழை. நான்தான் இடத்தை மாறி எழுதிக் குடுத்தன். இப்ப கேபிள் காரிலை மேலை போனாலும், எல்லாருக்கும் ஊர் பாக்க நேரம் வராது. என்னை மன்னிக்க வேணும்."

சங்கத்தின் செயலாளர் புவனேஸ்வரி ரீச்சர் முன்னால் வந்தார். கணக்குப் படிப்பித்தவர். அவருடைய வாய்க்கு எல்லோருக்கும் பயம்.

"இதைக் கப்பலிலை ஏற முதல் ஒருக்காப் பாத்திருக்கக் கூடாதோ? மூண்டு மாதமா என்ன செய்தனீங்கள்?"

"பாத்திருக்க வேணும் ரீச்சர்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, திரும்பிக் குலம் அண்ணையைப் பார்த்தார். குலம் அண்ணை கியூவை விட்டு விலகிப் படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு பிஸ்கெட் டின். அறுபத்தைந்து வயதில், அந்த வெயிலில், கழுதைச் சாணத்தில் வழுக்கி வழுக்கி ஐந்நூறு படி.

"குலம்! எங்கை போறீர்?"

"ஏறிப் பாக்கிறன் அக்கா. அந்த மனுசன் மேலை வந்து நிண்டாலும்..."

"நில்லும். நெஞ்சு அடைச்சுப் போனா அந்த மனுசன் உம்மைத் தூக்கிக்கொண்டோ போறது?"

ரீச்சர் அவருடைய கையைப் பிடித்துக் கியூவின் முன்பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கியூவில் நின்ற ஒவ்வொரு கூட்டத்திடமும் ரீச்சர் தன் வகுப்பறைக் குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் நாற்பது வருடத்துக்கு முன் தனக்கு உதவி செய்தவரைப் பார்க்க வந்திருக்கிறார். அவர் மேலே இருக்கிறார். எங்கள் கப்பல் ஐந்து மணிக்குப் போகிறது. இவரையும் இந்தப் பெண்ணையும் மட்டும் விடுவீர்களா? நாங்கள் இருபத்தொரு பேரும் பின்னுக்கே நிற்கிறோம்.

ஒரு ஜெர்மன்காரர் முதலில் விலகினார். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்பானியக் குடும்பம். அதற்குப் பிறகு கேட்கவே தேவை வரவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. சிலர் குலம் அண்ணையின் தோளில் தட்டினார்கள். ஒருவர்கூட முறைக்கவில்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ கியூவில் நின்றிருக்கிறேன், நிற்க வைத்துமிருக்கிறேன். அப்படி ஒரு கியூவை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கேபிள் காரில் ஏறும்போது எலேனிக்குத் திரும்ப ஃபோன் எடுத்தேன். எம்போரியோவுக்குப் போய்வர நேரமில்லை, யோர்கோஸை ஃபீராவுக்குக் கூட்டிவர முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"எம்போரியோ எதற்கு? யோர்கோஸ் என் பக்கத்து சீட்டில் இருக்கிறார்" என்றார் எலேனி. "காலையிலிருந்து துறைமுகத்தில்தான் நின்றார். வீட்டில் இருக்கமாட்டேன் என்றுவிட்டார். மலை ரோட்டில் ஏறி வந்துகொண்டிருக்கிறோம். பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்து வெளிக்கு வாருங்கள். மினிபஸ் அதுவரைதான் வரும்."

5. இருபத்தைந்து நிமிடம்

நாங்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று முப்பத்தைந்து. நாலு மணிக்கு இறங்குகிற கியூவில் நிற்கவேண்டும் என்று குலம் அண்ணைக்குச் சொல்லிவிட்டேன்.

மினிபஸ் கதவு திறந்திருந்தது. எலேனி என்னை விட இளையவர், தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடது கை ஊன்றுகிற பொல்லில் இருந்தது. மோதிரவிரலில் நுனி இல்லை.

குலம் அண்ணை நடுவழியில் நின்றுவிட்டார். முதியவர்தான் கிட்டே வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீ உடம்பு வைத்துவிட்டாய்" என்றார் ஆங்கிலத்தில்.

இருவரும் கட்டிப்பிடித்தார்கள். பிஸ்கெட் டின் நடுவில் நசுங்கியது. அதற்குள் குலம் அண்ணையின் மனைவி தோர்ன்டன் ஹீத்தில் சுட்ட பயத்தம் பணியாரம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கப்பல் ஆங்கிலம்தான். அதிலும் பாதி இயந்திரங்களின் பெயர்கள். மூன்றாம் ஜெனரேட்டர் ஞாபகம் இருக்கிறதா என்று யோர்கோஸ் கேட்டார். குலம் அண்ணை வாங்குப் பலகையில் விரலால் தட்டிக் காட்டினார்: டக், டக்-டக். யோர்கோஸ் தலையாட்டி மறுத்தார். அவர் தட்டியது டக்-டக், டக். இரண்டு பேரும் நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு பேரிங்கின் சத்தத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் போய்விட்டது. குலம் அண்ணை இன்னும் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

"அண்ணை, நேரம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோர்கோஸின் நல்ல காதுப் பக்கம் குனிந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் என்மேல் இரங்கி, கப்டனிடம் போய்ப் பேசி, டிக்கெட்டை வாங்கி வைத்தீர்கள். எனக்குப் போக்கிடம் இருக்கவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

யோர்கோஸ் புருவத்தைச் சுருக்கினார். எலேனியிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டார். எலேனி பதில் சொன்னார். அவர் மறுபடி யோசித்தார்.

"இரங்கினேனா?" என்றார். "இல்லை, இல்லை. உன் நாட்டில் பிரச்சினை என்று சொன்னாய், அது ஞாபகம். ஆனால் நான் கப்டனிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கு மூன்று ஒயிலர்கள். ஒருவன் குடிகாரன், மற்றவன் வாட்சில் தூங்குவான். நீ ஒருவன்தான் என்ஜினைக் காதால் கேட்பாய். கப்டனிடம் சொன்னேன், இந்தப் பையன் போனால் நானும் போகிறேன் என்று."

குலம் அண்ணை தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"இரக்கம் காட்ட எனக்கு எங்கே நேரம்?" என்றார் யோர்கோஸ். "மூன்றாம் ஜெனரேட்டர் அப்படிக் கிடந்தது."

குலம் அண்ணை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் கிட்டே போனேன். தோள் குலுங்கியது, கையை எடுத்தபோது சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே இருந்தன. யோர்கோஸ் நசுங்கிய டின்னைத் திறந்து, ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்துப் பார்த்து, இன்னொன்றை எடுத்தார்.

நாலு மணிக்கு எழும்பினோம்.

6. கடைசி டெண்டர்

கீழே வரும்போது ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. எங்கள் ஆட்களில் ஒன்பது பேர் மேலே போய்ப் பதினைந்து நிமிடம் நின்று படம் எடுத்து வந்திருந்தார்கள். நீலக் கூரை எங்கோ தூரத்தில் பொட்டுப்போலத் தெரிகிறதாம். மற்றவர்கள் துறைமுகக் கடையில் மீன் பொரியல் சாப்பிட்டுக்கொண்டு கழுதைகளைப் பார்த்தார்கள். ரீச்சர் கியூவிலிருந்தே விலகி, தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தீவில் அவர் ஒரு படிகூட ஏறவில்லை.

டெண்டரில் குலம் அண்ணை எனக்கும் ரீச்சருக்கும் நடுவில் இருந்தார்.

"என்னவாம் மனுசன்?" என்று ரீச்சர் கேட்டார்.

"அக்கா, நான் நாப்பது வருசமாப் பாவம் பாத்து வைச்சிருந்தவை எண்டு நினைச்சிருந்தன். அவர் சொல்லுறார், என்ரை வேலைக்காக வைச்சவராம். நான் இல்லாட்டி ஏலாதாம்." கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் சொன்னார்: "நான் இல்லாட்டி ஏலாதாம்."

ரீச்சர் அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

கப்பலில் ஏறியதும் செல்வா அண்ணைக்கு ஃபோன் எடுத்து முழுவதும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் கப்பலிலை ஏறிட்டினமோ?"

"ஓம் அண்ணை. இருபத்திரண்டு பேரும்."

"அப்ப சரி. சாப்பிட்டிட்டுப் படு. மிச்சத்தை நோர்பரியிலை கதைப்பம்."

நோர்பரியில் அவர் அதிகம் கதைக்கவில்லை. எங்கே பிழை விட்டேன் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். குழுவிலிருந்து ஒரு தம்பதி முறைப்பாட்டுக் கடிதம் அனுப்பினார்கள். நீலக் கூரையைப் பார்க்கவே வந்தோம், பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது நியாயம். பதிலில் நான் சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ரீச்சர் சங்கத்துக்கு நோர்வேப் பயணம் போடும்போது நேரே என் மேசைக்குத்தான் வந்தார். "துறைமுகத்தின்ரை பேரை மூண்டு தரம் பாத்திட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கப்பல் சில மணித்தியாலம் நிற்கிற ஒரு சிறு தரிப்பைத் திட்டமிடும்போது கடைசி டெண்டரில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுங்கள்: படகுக்கு எத்தனை மணிக்குக் கீழே நிற்கவேண்டும், அதற்கு எத்தனை மணிக்குக் கியூவில் சேரவேண்டும் என்று. மிஞ்சுகிற நேரம்தான் உங்களுடைய நேரம். அது எப்போதும் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்டால் போதாது; உங்கள் ஆட்கள் எங்கே கால் வைப்பார்கள் என்று கேளுங்கள்.

பிழை விட்டால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நான் டிரைவர்மேல் பழியைப் போட்டிருந்தால், ரீச்சர் அந்தக் கியூவில் என்னைத் திட்டிக்கொண்டே நின்றிருப்பார்; குலம் அண்ணை படியில் ஏறியிருப்பார். உண்மையைச் சொன்னதால் எனக்கு உதவ ஆட்கள் வந்தார்கள். பெயர் தெரியாத ஒரு ஜெர்மன்காரர்கூட வந்தார். அவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.